உள்நோயாளி அல்லாதவர்

நவநீதன் ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் சுபிக்ஷாவுக்கு ஒரு மாதம் வயது கூடியிருந்தது. அவனுக்கு அது வெறும் மறுநாள் காலை. முந்தின இரவு பேசிக்கொண்டே தூங்கிப்போனவன் மாதிரி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவான். விட்ட இடம் எது என்று அவள்தான் தேடிக்கொண்டு நிற்பாள்.

"அந்தக் கூரை ஓட்டு வேலைய முடிச்சுப்போட்டாங்களா?" என்றான் அன்றைக்கு. ஜாஸ்மின் சிஸ்டர் அவன் தொண்டைத் துளையில் பேசுவதற்கான மூடியை அப்போதுதான் மாட்டியிருந்தாள். குரல் மூச்சுக்கு மூச்சு அறுந்து அறுந்து வந்தது.

"முடிஞ்சு ஒரு மழையே பேஞ்சாச்சுங்க. ஒழுகல."

"கெட்டிக்காரி." அவன் கண்கள் அவள் முகத்தில் ஊர்ந்தன. "காதுக்கு மேல நரைச்சிருக்குது. நேத்து இல்ல."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து முடியை மூடிக்கொண்டாள். போன மாதம் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். இந்த மாதம் மறந்துவிட்டது.

சூலூரைத் தாண்டி, மூடிக் கிடந்த நூற்பாலை ஒன்றை எடுத்து அரசாங்கம் நெடுந்துயில் இல்லம் ஆக்கியிருந்தது. ஒரு காலத்தில் பஞ்சுப் பொதிகள் அடுக்கியிருந்த கிடங்குகளில் இப்போது மனிதர்கள் அடுக்கடுக்காகத் தூங்கினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இனி எந்நாளும் எழ முடியாதவர்கள். உடம்புச் சூட்டை மெல்ல இறக்கி, இதயத்தை நின்றுவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால், ஓர் ஆள் மாதக்கணக்கில் பசியும் வலியும் மூப்பும் இல்லாமல் கிடக்கலாம் என்று கண்டுபிடித்தபோது எல்லோருமே சந்தோஷப்பட்டார்கள். சுபிக்ஷாவும் சந்தோஷப்பட்டாள். உடுமலைப் பக்கம் காற்றாலை ஒன்றைப் பழுது பார்க்க ஏறிய நவநீதன் கயிறு அறுந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போன வருடம் அது. மகள் ஆதிராவுக்கு அப்போது எட்டு வயது.

என்றைக்காவது மருந்து வரும், அதுவரை தூங்கட்டும் என்றார்கள். ஆனால் மனிதனைச் சும்மா தூங்கவைத்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்நோயாளியாக இருக்கிற எவரையும் மாதத்துக்கு ஒரு நாள் எழுப்பி, சொந்தபந்தங்களைக் காட்டி, மேற்கொண்டு தூங்கச் சம்மதமா என்று கேட்டே ஆக வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் மற்ற நாட்களை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அவள் வாழ்ந்த பத்து வருடத்தில் அவன் வாழ்ந்தது நான்கு மாதம். அவன் அம்மா செத்ததை ஒரு விழிப்பு நாளில் சொன்னாள். அடுத்த மாதம் கண் விழித்தவன் மறுபடியும் அழுதான். அவனுக்கு அம்மா செத்து ஒரு நாள்தானே ஆகியிருந்தது. வீட்டில் காரியமெல்லாம் முடிந்து, கட்டிலைக்கூட யாருக்கோ கொடுத்தாகிவிட்டது.

"ஆதிரா வரலியா?"

"பரீட்சைங்க."

அவன் சிரித்தான். "எங்கிட்டப் பொய் சொல்றதுக்கு உனக்கு மாசம் பூரா நேரம் கிடைக்குது. எனக்குக் கண்டுபிடிக்க ஒரு நாளுதான்."

ஆதிரா வருவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஃபிராக் போட்டிருந்த பெண்ணாகத்தான் அப்பாவுக்கு அவள் இன்னும் தெரிந்தாள். கடைசியாக வந்தபோது, "ஊஞ்சல்ல மெதுவா ஆடு சாமி" என்றான். ஆதிராவுக்கு அப்போது பதினைந்து வயது. வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்று வாந்தி எடுத்தாள்.

சாயங்காலம் அதிகாரி வந்து சம்மதம் கேட்டார்.

"வேற எங்கியாவது எனக்கு வேல போட்டுக் குடுத்திருக்கறீங்களா?" என்றான் நவநீதன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜாஸ்மின் ஊசி போட்டாள். சுபிக்ஷா அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தாள். கைக்கடியில் நெற்றி குளிர்ந்துகொண்டே போனது.

சுபிக்ஷாவுக்கு வேலை சுகாதாரக் கணக்குத் துறையில். வருடா வருடம் உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பீட்டறிக்கை போடும். நெடுநாள் உள்நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள எந்த நாடு எவ்வளவு செலவழிக்கிறது என்று. அதில் நம் பங்கைத் தயாரிப்பது அவள் பிரிவு. நெடுந்துயில் வந்ததிலிருந்து நாம்தான் ஆகக் குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் இயக்குநர் சர்வேஷ் அவளைக் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், எப்போதும் காய்ச்சலில் இருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருப்பார்.

"உக்காருங்க சுபிக்ஷா. பனிநாடு நம்மளத் தாண்டிருச்சு."

வடகோடியில் இருந்த அந்தச் சின்ன நாட்டை அலுவலகத்தில் எல்லோரும் பனிநாடு என்றுதான் சொல்வார்கள்.

"தாண்டினா என்னங்க சார்? ஓட்டப்பந்தயமா?"

"பந்தயந்தானுங்க. நாம ஓடலைன்னாலும் ஓட உட்டுத்தான் பாக்கறாங்க. ஜனத்தொகையில தலைக்கு இவ்வளவுன்னு பாத்தா, நாம செலவு பண்றதுல அவிய பாதிகூடப் பண்றதில்ல. நமக்குக் கடன் குடுக்கறவங்க இந்த ஒப்பீட்டத்தான் பாக்கறாங்க. அவங்களால முடியறது உங்களால ஏன் முடியலைன்னு மேல கேட்டுட்டாங்க."

"இனி எதுலங்க கொறைக்கறது? தூங்கறவிய சோறு திங்கறாங்களா, துணி உடுத்தறாங்களா?"

சர்வேஷ் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "எழுப்பறதுல. ஒருத்தர ஒரு நாள் எழுப்பிப் படுக்க வைக்கற செலவுல அவர மாசம் பூராத் தூங்க வச்சிரலாம். உங்களுக்குத் தெரியாததில்ல. மாசம் ஒருக்காங்கறத வருசம் ஒருக்கான்னு மாத்தச் சொல்லிக் கோர்ட்டுல கேக்கப் போறாங்க. அதுக்கு ஆதாரமா நம்ம ஒப்பீட்டறிக்கை வேணுமாம்."

"என்னைய எழுதச் சொல்றீங்களா?"

"உங்க வீட்டுக்காரர் அங்க இருக்கறது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சார்?"

"வேற யார்கிட்டக் குடுத்தாலும் யோசிக்காம எழுதிப்போடுவாங்க" என்றார்.

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். வருடத்துக்கு ஒரு நாள். ஆதிராவுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தான் கிழவியாகிச் செத்துப்போவது எல்லாமே நவநீதனுக்கு ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு காலையில் கண் விழித்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் ஜாஸ்மினிடமோ ஜாஸ்மினின் பேத்தியிடமோ சுபிக்ஷா எங்கே என்று கேட்பான். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் டீ வந்திருப்பதாகச் சொன்னார்.

தலை நிமிர்ந்தபோது அவள் பனிநாட்டின் எண்ணை மறுபடியும் பார்த்தாள். எங்கேயோ இடித்தது. அந்தப் பணத்துக்குக் கிடங்கைக் குளிர்ச்சியாக வைக்கும் மின்சாரம்கூட வராது. பனிநாட்டிலேயே ஆனாலும் வராது.

பனிநாட்டுக் கணக்கைத் தயாரிப்பவள் தர்சிகா. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்க் குடியேறிய குடும்பம். வருடாந்தரக் கூட்டங்களில் திரையில் பார்த்துப் பார்த்துப் பழக்கமாகி, மற்றவர்கள் ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் இருவரும் தனியாகத் தமிழில் பேசிக்கொள்வார்கள். மத்தியானம் சுபிக்ஷா அவளைத் திரையில் கூப்பிட்டாள்.

"உங்க கணக்கு எங்கியோ தப்பாயிருக்குது தர்சிகா. கரண்டுக்கே அதுக்கு மேல ஆகுமே."

தர்சிகா எழுந்துபோய்த் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கணக்கு பிழையில்லை அக்கா. ஆக்கள்தான் கணக்கில இல்லை."

"அப்படின்னா?"

"நித்திரையில இருக்கிற ஆக்களை நாங்கள் இப்ப நோயாளி எண்டு எண்ணுறேல்லை. போன வருசம் சட்டம் மாத்தினவை. வைத்தியம் நடந்தால்தான் நோயாளியாம். நித்திரை கொள்ளுற ஆளுக்கு என்ன வைத்தியம் நடக்குது, சும்மா வைச்சிருக்கிறதுதானே எண்டு சொல்லிப்போட்டு, சுகாதார அமைச்சிட்ட இருந்து எடுத்து வேற அமைச்சிட்டக் குடுத்திட்டினம். விதை வங்கி, பழைய ஓவியங்கள் எல்லாம் பாதுகாக்கிறது அந்த அமைச்சுத்தான்."

"அவங்களையெல்லாம் அப்புறம் எப்பங்க எழுப்புவாங்க?"

"ஓவியத்தை ஆர் அக்கா எழுப்புறது?"

சுபிக்ஷா கையில் இருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"என்ர அப்பாவும் அங்கதான் கிடக்கிறார்" என்றாள் தர்சிகா. "இதைப் பெரிசாச் சொல்லுங்கோ. நாங்கள் சொல்லி ஒண்டும் நடக்கேல்லை. வெளியில இருந்து ஒராள் கேட்டால் வெட்கப்படுவினம்."

வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் சுபிக்ஷாவுக்கு உடம்பில் தெம்பு வந்தது. பனிநாட்டு எண் பித்தலாட்டம், அதோடு நம்மை ஒப்பிடவே கூடாது, தூங்குகிறவர்களையும் சேர்த்து எண்ணினால் நாம்தான் இன்னும் ஆகக் குறைந்த செலவில் பார்த்துக்கொள்கிறோம், ஆகவே விழிப்பு நாளைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை. யாருக்கும் புரிகிற மாதிரி தெளிவாக எழுதினாள். எழுதி, மேலே அனுப்பிவிட்டுத்தான் சர்வேஷின் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க முகத்தில் ரத்தம் வற்றியது.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பியாச்சுங்க சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே." அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஒரே ஒரு வார்த்த."

"பொய்க் கணக்குன்னு காட்டியிருக்கறனுங்க சார்! இதுல என்ன தப்பு?"

"நீங்க பொய்யக் காட்டுனீங்க" என்றார் சர்வேஷ், கையை எடுக்காமலே. "அவங்களுக்கு அதுல வழி தெரியும்."

அவள் அதைப் பொறாமை என்று நினைத்தாள். தன்னைத் தாண்டி மேலே அனுப்பியதில் மனுஷனுக்குக் கோபம் என்று நினைத்தாள். அடுத்த விழிப்பு நாள் வருவதற்குள் ஆணை வந்துவிட்டது. நெடுந்துயிலில் இருப்போர் இனி உள்நோயாளிகள் அல்லர். பாதுகாப்பில் இருப்போர். ஆவணங்களும் கல்வெட்டுகளும் எந்தத் துறையில் இருந்தனவோ அந்தத் துறைக்கு அவர்கள் மாற்றப்பட்டார்கள். உள்நோயாளி அல்லாதவரை மாதம் ஒருமுறை எழுப்ப வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்கவில்லை. ஆணையின் கீழே, இந்தச் சீர்திருத்தத்துக்கு வழிகாட்டிய ஆய்வை அளித்தமைக்காக அவள் பிரிவுக்குப் பாராட்டுத் தெரிவித்திருந்தார்கள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு சத்தம் போட்டாள். அழுகை மாதிரியே இல்லை அது. அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கடைசியாக ஒரு விழிப்பு மட்டும் உண்டு என்றார்கள். அன்றைக்கு இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்து வரும்வரை எழுப்பாமல் தூங்கவிடுவது. இல்லாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் தூக்கத்துக்குத்தான் வரலாம். விழித்த நோயாளிக்கு நெடுநாள் கட்டில் என்பதே இனிமேல் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் இல்லை.

ஜாஸ்மின் அவளை மருந்து அறைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னாள். "வீட்டுக்குன்னு ஆசப்படாதீங்கக்கா. நாங்க இத்தன பேரு மாத்தி மாத்திப் பாக்கறம். சளியக் குழா வச்சு உறிஞ்சணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் போடணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிரும். மூச்சு மிசினு நின்னா உங்க கையாலயே பம்பு அடிக்கணும். ஒரு சளிக் காய்ச்சல் வந்தாத் தாங்க மாட்டாரு. மிஞ்சிப்போனா ஒரு வருசம்."

"ஒரு வருசமா?" என்றாள் சுபிக்ஷா. "இங்க வச்சா எனக்கு ஒரு நாளுகூட இல்லையே சிஸ்டர்."

அன்று ஆதிராவும் வந்திருந்தாள். கூப்பிடாமலே பேருந்து பிடித்து வந்து, வாசலில் நின்றிருந்தாள். நவநீதன் கண் திறந்து அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நீ ஆதிராவா?"

"ஆமாங்கப்பா."

"என்ற அம்மா மாதிரியே இருக்கற."

சுபிக்ஷா எல்லாவற்றையும் சொன்னாள். தான் எழுதியதையும் சொன்னாள். சொல்லும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்டுத் தள்ளு. நீ எழுதலைன்னா வேற யாரோ" என்றான் அவன். மூச்சு வாங்கிக்கொண்டு மெல்லப் பேசினான். "நான் தூங்கறன் சுபி. தூங்குனா எனக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் என்னையக் கழுவித் தொடச்சே சாவீங்க. இவ படிப்பு போயிரும். எனக்கு எப்பவோ ஒரு நாளு காலைல முழிப்பு வரும், மருந்து இருக்கும், எந்திரிச்சு நடப்பன்."

"நடந்து எங்கங்க போவீங்க? நாங்க இருக்க மாட்டமே!"

"பத்து வருசமா நீ பட்டது பத்தாதா?"

"பத்தாது" என்றாள். "பத்தாதுங்க. பத்தாது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முடிவு சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். அதிகாரி தொண்டையைச் செருமினார். அப்போது ஆதிரா கட்டிலருகே வந்தாள்.

"அப்பா, எனக்கு உங்களத் தெரியாது."

அவன் கண் திறந்தான்.

"நெசமாத்தான் சொல்றன். என் ஃபிரண்ட்ஸெல்லாம் அவங்கப்பாகூடப் பேசறதில்லைம்பாங்க, அவரு அது சொன்னாரு இது சொன்னாரும்பாங்க. நான் உங்களோட ஒரு சண்டகூடப் போட்டதில்ல. மாசம் ஒரு நாளு வர்றவர்கிட்ட யாரு சண்ட போடுவா? இப்ப நீங்க தூங்கிப்போட்டா எனக்கு அப்பான்னு நெனச்சுக்க ஒண்ணுமே இல்லீங்கப்பா."

மூச்சு இயந்திரம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜாஸ்மின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எதுக்குச் சண்ட போடுவ?" என்றான் நவநீதன்.

"தெரியல. எதையாவது."

"சரி" என்றான் அதிகாரியைப் பார்த்து. "வீட்டுக்கே எழுதிக்குங்க."

ஒண்டிப்புதூரில் அவர்களுடைய வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். சுபிக்ஷா வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆதிரா அந்தப் பருவத்துக்குக் கல்லூரிக்குப் போகவில்லை. ஜாஸ்மின் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தது, சொல்லாமல் விட்டதும் நிறைய இருந்தது. சளி அடைத்து அவன் முகம் நீலம் பாரிக்கும்போது குழாயைச் செருகும் கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் ரத்தம் வரும். மூத்திரப் பையை மாற்றும்போது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மகள் மாற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வான். மின்சாரம் போன ஒரு மத்தியானம் முழுக்கத் தாயும் மகளும் மாற்றி மாற்றிக் கையால் பம்பு அடித்தார்கள். மின்சாரம் வந்த பிறகும் சுபிக்ஷாவின் விரல்கள் விரியவில்லை. ஆதிரா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

ஆனாலும் காலையில் எழுந்தால் அவன் இருந்தான். மறுநாளும் இருந்தான். நேற்றுச் சொன்னதை இன்றைக்குத் திருத்திச் சொல்ல முடிந்தது. ஒரு நாள் ஆதிரா தன்னோடு படிக்கும் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னாள், நவநீதன் அவன் என்ன வேலைக்குப் போவான் என்று கேட்டான். அவள் அதற்கு ஏதோ சொல்ல, அவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவள் கையில் இருந்த துண்டைத் தரையில் அடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை அப்பாவும் மகளும் பேசவில்லை. சுபிக்ஷா சமையலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலிலேயே ஓர் இளம் டாக்டர் தடுத்து நிறுத்திச் சொன்னார். "எத்தனை நாள்ல குணமாகும்னு சொல்ல முடியாத கேஸும்மா. இப்பெல்லாம் இந்த மாதிரிப் படுக்க வைக்க வார்டே கிடையாது. தூக்கத்துல போட்டுடலாம். உடனே எடுத்துக்குவாங்க."

"எப்ப எழுப்புவீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். வயது இருபத்தைந்து இருக்கும். சுபிக்ஷா நவநீதனிடம் குனிந்தாள். பேச்சு மூடியைக் கழற்றியிருந்தார்கள். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன. வீடு, என்றான். டாக்டர் யாருக்கும் தெரியாமல் ஒரு பை நிறைய ஊசி மருந்துகளை ஆதிராவின் கையில் திணித்தார். எப்படிப் போடுவது என்று ஆம்புலன்ஸின் படியில் நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் காய்ச்சலில் இருந்து அவன் தப்பினான். ஆனால் பாதி ஆளாகத்தான் திரும்பினான். முதுகில் புண் வந்துவிட்டது. பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தது. இன்னொரு காய்ச்சல் வந்தால் அவ்வளவுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

சர்வேஷ் வந்தது அதற்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார். இன்னும் ஒல்லியாகியிருந்தார்.

"வாங்க சார். லட்டு கொண்டாந்திருக்கறீங்களா?" என்றாள் சுபிக்ஷா. ஒப்பீட்டறிக்கை வெளிவந்திருந்தது. நாடு மறுபடியும் முதலிடம். அலுவலகத்தில் லட்டு கொடுத்ததாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இல்லீங்க." அவர் உள்ளே வந்து நின்றார். "உங்களுக்குத் தெரியணும்னு வந்தன். முதலிடம் வந்தது தூங்கறவங்களக் கழிச்சதுல மட்டும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனவங்க மூணுல ஒரு பங்கு. இவங்களுக்காக அரசாங்கத்துக்கு இனி ஒரு செலவும் கிடையாது. இவ்வளவு பேரு கூட்டிட்டுப் போவாங்கன்னு மேல முன்னயே கணக்குப் போட்டிருந்தாங்க. பனிநாட்டுல அப்படித்தான் நடந்துச்சாம். உங்க சிநேகிதி தர்சிகாகூட அவங்கப்பாவக் கொண்டுபோயிட்டாங்களாம்."

சுபிக்ஷா தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது தூங்கியிருக்க வேண்டும்.

கட்டிலில் இருந்து நவநீதன் கேட்டான். "சார்... அந்தக் கணக்குல... நான் எங்க... இருக்கறன்?"

சர்வேஷ் அவனைப் பார்த்தார். "நீங்க அதுல இல்லீங்க."

"சுபி?"

"அவங்களும் இல்லீங்க."

திருப்பிப் போடும் நேரம் வந்திருந்தது. ஆதிரா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சுபிக்ஷா, "அந்தக் காலக் கொஞ்சம் பிடிங்க சார்" என்றாள். அவர் பிடித்தார். தெரியாத ஆள் பிடிக்கிற மாதிரி இல்லை. முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் குதிகாலில் ஒரு கையும் கொடுத்து, கீறல் படாமல் தூக்கினார். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். இருவருமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தார்கள். புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. ஆனாலும் திரும்பிக்கொள்ளவில்லை.

வேலை முடிந்த பிறகும் அவர் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"காபி போடட்டுங்களா?"

"என் பொண்ணு அங்க தூங்கறா" என்றார் சர்வேஷ்.

அவள் நின்றுவிட்டாள்.

"நறுமுகைன்னு பேரு. தசையெல்லாம் கரைஞ்சுட்டே போற நோவு. தூங்க வச்சப்ப ஏழு வயசு. இப்பவும் ஏழுதான். ஆபீஸ்ல யாருக்கும் சொன்னதில்ல. செலவு கம்மியா இருக்கற வரைக்கும் அந்த எடத்த மூட மாட்டாங்க, வருசம் ஒருக்கா எழுப்பினாலும் பரவாயில்ல, மூடாம இருந்தாப் போதும்னு நெனச்சுத்தான் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இருந்தன். கடைசி முழிப்புல அவளே தூங்கறன்னு சொல்லிட்டா. சம்மதமான்னு அவளத்தான் கேக்கணும்னு சட்டம். அவளுக்கு என்ன தெரியும்? நாளைக்குக் காலைல அப்பா வருவன்னு நெனச்சுட்டுத் தூங்கிட்டா." அவர் நிறுத்தினார். "எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக இப்ப மனுப் போட்டிருக்கறன். அது வேற துறை, இழுத்தடிப்பாங்க. கெடைச்சிரும். ஆனா எனக்கு இந்தச் சளி எடுக்கறதெல்லாம் தெரியாதுங்க. அவ அம்மாவும் இல்ல. சொல்லிக் குடுக்க ஆஸ்பத்திரில யாருமில்ல."

நவநீதனின் நெஞ்சில் சளி கரகரக்கத் தொடங்கியிருந்தது. மூவருக்கும் கேட்டது.

"சார்..." என்றான் நவநீதன். மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். "எம்மேல... பழகிக்குங்க. எனக்கு... பெருசாத் தெரியாது."

சர்வேஷ் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தார். கைகள் இரண்டும் உதறிக்கொண்டிருந்தன.

சுபிக்ஷா உறிஞ்சும் இயந்திரத்தைக் கட்டிலருகே இழுத்துவந்தாள். புதுக் குழாய் ஒன்றை எடுத்து உறையைக் கிழிக்காமல் வைத்தாள்.

"சட்டக் கைய மடிச்சு உடுங்க" என்றாள். "மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க. பின்னால தண்ணிக் கொழா இருக்குது."